தண்ணீர் கழித்த எடை

எருமையைத் தராசில் ஏற்றுவது கொழுந்து மூட்டையை ஏற்றுவது போன்ற காரியமல்ல. மூட்டை சும்மா கிடக்கும். எங்கள் எருமையோ, கோயில் திடலில் இறக்கி வைத்த அந்த இரும்புப் பலகையை மோந்து பார்த்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே சாணி போட்டது.

"பரவாயில்ல அக்கா, ரெண்டு கிலோ இங்கயே எறங்கிருச்சு" என்று டொக்டர் சிரித்தார்.

டொக்டர் என்றால் மாட்டு டொக்டர். பதுளையிலிருந்து சின்ன லொறியில் தராசையும் ஏற்றிக்கொண்டு வருவார். சிங்களப் பெண், வெளியூரில் இருக்கும் என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியே தமிழ் பழகியவர். சினை எருமைக்குக் கன்று போடும்வரை உடம்பு எப்படி ஏறுகிறது, மடிக்கு இரத்தம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவருடைய மேற்படிப்பு. எங்கள் தோட்டத்து லயங்களில், வேலைக்காரர்களின் வரிசை வீடுகளில், அப்போது நாலு சினை எருமைகள் இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு, நாலும் திடலுக்கு வந்து சேரவேண்டும்.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருக்கிறது. மேலே குளிரில் பசு வளர்ப்பார்கள். எங்களுக்கு வெயிலும் உண்டு, ஓடையும் உண்டு; அதனால் எருமை. நான் இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். ஒரு வெயில் நாளில், இலை காய்ந்து சருகாகக் கிடக்கும்போது, ஈரத்துக்கு என்று சொல்லி என் கொழுந்தில் இரண்டு கிலோ கழித்தார்கள். மழை நாளில் கழித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். வெயிலில் என்ன ஈரம்? கேட்டதற்கு, "எல்லாருக்கும் கழிக்கிறதுதானே" என்றார்கள். மூட்டையை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமே வேலைப் பட்டியலிலிருந்து பேரை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் அதற்கு மூக்குக்கு மேல் கண் கிடையாது.

கோபம் ஆறியதும் பயம் வந்தது. கணக்கு முடித்துக் கையில் கிடைத்த பணத்தில் எருமையை வாங்கினோம். முதல் ஈற்றில் கன்று செத்துப் பிறந்தது. கன்று முட்டினால்தான் எருமை பாலை இறக்கும். எங்கள் எருமை வெறும் கைக்கு ஒரு சொட்டு இறக்கவில்லை. மடி கல்லாக வீங்கி, வற்றி, அந்த வருடம் முழுக்க நான் புல் வெட்டிப் போட்டதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். இரண்டாவது சினை பிடித்ததும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் கன்னாவது நிக்கட்டும். நிக்கலன்னா மாட்ட வித்துட்டு, மறுபடி பெரட்டுக்குப் போயிரு. வேற வழி கெடையாது."

பெரட்டு என்பது விடியற்காலையில் வேலைக்காரர்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். அங்கே போய், நான் மூட்டையைக் கவிழ்த்த அதே மனிதர்களுக்கு முன்னால், மறுபடியும் என் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிற்பதைவிட இந்த மலையிலிருந்து உருண்டுவிடலாம் என்று தோன்றியது. ஆகவே எருமையின் வயிற்றில் கிடந்தது வெறும் கன்று இல்லை. என் மானமும் அங்கேதான் கிடந்தது.

டொக்டர் தராசில் எடை பார்த்து முடித்ததும் ஒரு சின்னப் பெட்டியை எடுப்பார். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் பேனா மாதிரி ஒரு குச்சி. எருமையின் தொடையும் மடியும் சேரும் இடுக்கில் கொஞ்சம் மயிரை வழித்துவிட்டு, குளிர்ந்த பசை தடவி, குச்சியை வைத்து மெதுவாக நகர்த்துவார். பெட்டி கொஞ்ச நேரம் கரகரவென்று இருக்கும். பிறகு சத்தம் பிடிபடும். ஸ்ஸூ, ஸ்ஸூ, ஸ்ஸூ. எங்கள் பீலியில் தண்ணீர் வருவதற்கு முன் குழாய் மூச்சு விடுமே, அந்த மாதிரி.

"இது என்ன டொக்டர்?"

"மடிக்குப் போற ரத்தம் அக்கா. பால் எல்லாம் ரத்தத்துல இருந்துதானே வருது. கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போதே மடி ரத்தத்தக் கூப்புட ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தம் பெருசாகிட்டே போகணும். உடம்பும் ஏறணும், ரத்தமும் ஏறணும். ரெண்டும் சேந்து ஏறினா கன்னும் நல்லா இருக்கும், பாலும் நல்லா இருக்கும்."

நான் இருபத்திரண்டு வருடம் மாட்டு மடியை அல்ல, தராசு முள்ளைப் பார்த்து வாழ்ந்தவள். இரத்தம் என் காதில் ஏறவில்லை. உடம்பு ஏறணும் என்றது மட்டும் ஏறியது.

இரண்டாவது தடவை நிறுத்தபோது மேல் லயத்துக்காரர் எருமை பத்துக் கிலோ ஏறியிருந்தது. வேலையில்லாத நாள், திடலில் நின்ற சனம் எல்லாம் கை தட்டியது. எங்கள் எருமை மூன்று கிலோதான். பக்கத்துக் காம்பராவில், சுவரொட்டிய அடுத்த அறையில், இருக்கும் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏ புள்ள, ஒன் எருமைக்கு இன்னிக்கி அரப்பேருதான்!"

கொழுந்து சொன்ன கிலோ வராவிட்டால் முழு நாள் வேலைக்கும் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் விழும். கொழுந்து எடுக்கும் எவளுக்கும் அந்த வார்த்தை சுருக்கென்று தைக்கும். மதினி விளையாட்டாகத்தான் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எருமையைப் பார்த்தபோது அதன் மேல் எரிச்சலாக வந்தது. இத்தனை புல் போடுகிறேன், ஒரு பேர் வாங்கித் தரத் தெரியவில்லையே உனக்கு என்று நினைத்தேன்.

அடுத்த முறை நிறுக்கிற நாள் காலையில், அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பும் தவிடும் கலந்து வைத்தேன். உப்பு உள்ளே போனால் எருமை தண்ணீருக்குத் தவிக்கும். ஒரு வாளி குடித்தது. இன்னொரு வாளி. மூன்றாவது வாளியையும் உறிஞ்சிவிட்டு, வயிறு தளும்பத் தளும்ப என் பின்னால் திடலுக்கு நடந்து வந்தது. தராசில் இருபத்தாறு கிலோ ஏற்றம். டொக்டர் "ஆ, சபாஷ்" என்றார். மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்கு அது திருட்டாகவே படவில்லை. காய்ந்த நாளில் சாக்கில் இரண்டு கை தண்ணீர் தெளிப்பது யாரும் செய்யாத காரியமா? தெளிக்கவே மாட்டேன் என்று சொல்பவளை நம்பாதீர்கள். அவர்கள் இல்லாத ஈரத்தைக் கழிப்பார்கள், நாங்கள் கழிக்கப்போகும் ஈரத்தைச் சேர்த்து வைப்போம். தராசு என்று ஒன்று முன்னால் வந்துவிட்டால் அதை ஏமாற்றவேண்டும் என்பது எங்கள் கைக்குத் தானாக வரும். எதற்காக நிறுக்கிறார்கள் என்று யோசிக்க அந்தக் கைக்கு நேரமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒருமுறை ஏற்றிய எடையை அடுத்த முறை இறக்க முடியாதே. முதலில் மூன்று வாளி, அப்புறம் நான்கு. அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று தொடங்கியது. ஆடி மாதக் காற்று மலையை விட்டு இறங்கி வந்து ஓடைக்கரைப் புல்லைக்கூடக் காயவைத்துவிட்டுப் போனது. தழையும் வாழைமட்டையும்தான் போட முடிந்தது. டொக்டர் எழுதும் கொப்பியில் எடை ஏறிக்கொண்டே இருந்தது. எருமை கொட்டிலில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எட்டு மாதச் சினையில், ஒரு காலை, டொக்டர் அந்தக் குச்சியை மடி இடுக்கில் வைத்து வெகுநேரம் தேடினார். சத்தம் வந்தது. ஆனால் முதல் தடவை கேட்ட அளவுதான். மேல் லயத்து எருமைக்குப் பெட்டி அதிரும்படி கேட்டதை நான் சற்று முன்புதான் கேட்டிருந்தேன். டொக்டர் எழுந்து எருமையின் முதுகுத்தண்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே வால்வரை போனார். பிறகு கொப்பியைப் புரட்டினார். மறுபடி முதுகை அழுத்தினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, முதுகுல எலும்பு தட்டுது. மடிக்கு ரத்தம் கூடல. ஆனா எடை மட்டும் ஏறிட்டே இருக்கு."

"ஏறுறது நல்லதுதானே டொக்டர்?"

"எது ஏறுதுன்னு பாக்கணும். மாடு ஏறல. மடி ஏறல. அப்ப வயித்துக்குள்ள தண்ணி ஏறுதுபோல." அவர் குரலைத் தாழ்த்தினார். "கன்னு இருக்கிற பையில தண்ணி கூடிப்போற வியாதி ஒண்ணு இருக்கு. அப்பிடியே விட்டா ஒரு நாளைக்கி மாடு படுக்கும், எழும்பாது."

"அப்ப என்ன செய்யறது?"

"நாளைக்கிப் பெரிய டொக்டரக் கூட்டிட்டு வாறேன். அதுதான்னு முடிவானா, ஊசி போட்டுக் கன்ன எறக்கணும். தாயக் காப்பாத்திரலாம்."

"கன்னு?"

டொக்டர் தலையை ஆட்டினார். அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது.

திடலில் நாலு வீட்டுச் சனமும் நின்றது. மதினி நின்றாள். சும்மா இருந்துவிடலாம், பெரிய டொக்டர் வந்து பார்த்தால் வியாதி இல்லை என்று தெரிந்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. தெரியாமல் ஊசியைப் போட்டுவிட்டால் என்றது இன்னொரு மனம். எருமை என் தோளை நக்கியது, உப்புக் கேட்கிறது. அது நக்கியதில்தான் என் மனம் உடைந்தது.

"டொக்டர்" என்றேன். "தண்ணி கழிக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. "என்ன தண்ணி?"

"எடையில தண்ணி கழிக்கணும். அது வியாதித் தண்ணி இல்ல. நான் ஊத்துன தண்ணி. உப்பு வச்சுக் குடிக்க வச்சேன். இன்னிக்கி நாலு வாளி. போன தடவ நாலு. அதுக்கு முந்தி மூணு."

வெயிலில் என் இரண்டு கிலோவைக் கழித்தபோது மூட்டையைக் கவிழ்த்த நான், சனத்தின் முன்னால் நின்று, என் வாயாலேயே கழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் எரிந்தது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் மேல் லயத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டொக்டர், எங்க மாட்டுக்கும் ஒரு வாளி கழிச்சுக்கங்க."

டொக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. கொப்பியை மடியில் வைத்து, என் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு எடையின் மேலும் கோடு கிழித்தார். அந்தப் பிள்ளையின் படிப்பு அது. மலை ஏறி இறங்கிச் சேர்த்த எண்கள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கோடு கிழித்து முடித்ததும் கைக்கு நீளமான உறை மாட்டி, உள்ளே கை விட்டுச் சோதித்தார். எருமை முக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார்.

"வியாதி இல்ல. கன்னு உசுரோட இருக்கு, கால இழுக்குது. ஆனா சின்னது அக்கா. தாய் தன் ஒடம்புச் சதையக் கரைச்சுக் கன்னுக்குக் குடுத்திட்டு இருக்கு. மடிக்குக் குடுக்க அதுகிட்ட மிச்சம் இல்ல."

பிறகு லொறிக்குப் போய் டிரைவரோடு சேர்ந்து இரண்டு மூட்டை இறக்கினார். மாட்டுத் தீனி. என் காலடியில் வைத்தார்.

"எடை ஏறாத மாட்டுக்குக் குடுக்கிறதுக்குன்னு எங்ககிட்ட இது இருக்கு. ஒங்க மாடு ஏறிட்டே இருந்திச்சே, அதுனால குடுக்கல."

அவமானம் எல்லாம் ஒரு நொடியில் கோபமாகிவிட்டது.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா டொக்டர்? எடை கொறஞ்சா தீனி வரும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் தண்ணி ஊத்துறேன்?"

"சொன்னா, தீனிக்காக மாட்டப் பட்டினி போடுவாங்கன்னு பயந்தோம்."

"பட்டினி போடுவோமா? நாங்களா?"

கேட்டுவிட்டேன், ஆனால் கேட்கும்போதே, அவர்கள் பயந்தது அவ்வளவு தப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. நாலு வாளி ஊற்றியவள் நாலு வேளை தீனியை நிறுத்தியிருக்க மாட்டாளா? அவர் எங்களை நம்பவில்லை. நாங்கள் அவர் தராசை நம்பவில்லை. நடுவில் நின்று எலும்பும் தோலுமானது அந்த வாயில்லாத சீவன். அன்று மாலை கொட்டிலில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தீனித் தொட்டியில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த தடவை தண்ணீர் வைப்பதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் நிறுத்தோம். டொக்டர் அதற்காகவே முதல் நாளே வந்து பக்கத்து ஊரான பெரகலையில் தங்கியிருந்தார். பொய் எடையோடு பார்த்தால் நாற்பது கிலோவுக்குக் கிட்ட இறங்கியிருந்தது. டொக்டர் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டார். "இனி இதுதான் ஒண்ணாம் நாள்" என்றார்.

பிறகு இருந்த ஏழு வாரமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. தீனி மூட்டை ஒரு பங்குதான். மிச்ச வயிற்றைப் புல்தான் நிரப்பவேண்டும். ஓடைக்குக் கீழே, காட்டோரப் பள்ளத்தில் கினிப்புல் கொஞ்சம் பச்சையாக நின்றது. போக முக்கால் மணி நேரம், கட்டோடு ஏறி வர ஒன்றரை மணி நேரம். காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. கஞ்சி வடித்தால் முதல் குவளை தொட்டிக்கு. என் பங்கு ரொட்டியைக்கூடப் பிய்த்துப் போட்டிருக்கிறேன். அது வாங்கித் தின்னும் அழகைப் பார்த்தால் எனக்குப் பசி தெரியாது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் மதினியும் தலையில் ஒரு சுமை புல்லைக் கொண்டு வந்து போடுவாள். "நாத்தனாக்காரி சீதனம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் வாய் அப்படி, கை இப்படி.

எடை மூன்று, நான்கு கிலோவாகத்தான் ஏறியது. அதற்கு நான் ஏங்கவில்லை. பெட்டிச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் அதே சத்தம். அடுத்த முறை கொஞ்சம் தடித்திருப்பதுபோல இருந்தது; டொக்டர் "ம்" என்று மட்டும் சொன்னார். வயிற்றுக்கு அடியில் பால் நரம்பு மணிக்கயிறு கனத்துக்குப் புடைத்து நெளிந்தது. அதற்கடுத்த முறை குச்சியை வைத்த உடனேயே பெட்டி பொங்கியது. தேடவே வேண்டியிருக்கவில்லை. ஸ்ஸூஊ, ஸ்ஸூஊ என்று திடல் முழுக்கக் கேட்டது. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று சொல்ல அன்றைக்குக் காற்றும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை. பெரட்டுக்குச் சனம் போய் லயம் வெறிச்சோடிக் கிடந்தது. எருமை எழுந்து எழுந்து படுத்தது. வாலைத் தூக்கியது. நான் மதினிக்குப் போன் எடுத்தேன். அவள் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தவள், அன்றைய பேரை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, பிறகு நாக்கு, பிறகு மூக்கு. எருமை முக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு சாக்கின் மேல் விழுந்தது.

விழுந்தது, அப்படியே கிடந்தது. நனைந்த துணி மாதிரி.

முதல் ஈற்றுக் கன்றும் இப்படித்தான் கிடந்தது. மதினிதான் டொக்டருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"அக்கா, மூக்கத் தொடைங்க. வைக்கோல் எடுத்து மூக்குக்குள்ள விட்டுக் கிண்டுங்க. சாக்கால நல்லாத் தேய்ங்க, பயப்படாம தேய்ங்க, தோல் போகாது!"

தேய்த்தேன். என் கை சிவக்கும்வரை தேய்த்தேன். மதினி வைக்கோலை மூக்கில் விட்டுத் திருகினாள். இரண்டாவது திருகலுக்குக் கன்று தும்மியது. தும்மிவிட்டுத் தலையைத் தூக்கி, யார் என்னை எழுப்பியது என்கிற மாதிரி பார்த்தது. எருமை திரும்பி நக்கத் தொடங்கியது.

உயிர் வந்தது, நிற்கவேண்டுமே. முன்னங்காலை மடித்து எழும்பும், பின்னங்கால் சறுக்கும், விழும். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். காம்பு எட்டவில்லை. கடைசியில் நான் மண்டி போட்டு, அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கோத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மதினி காம்பை வாயில் திணித்தாள். அது முதலில் துப்பியது. பிறகு பிடித்தது. ஒரு முட்டு முட்டியது.

எருமை மூச்சை இழுத்து விட்டது. என் கன்னத்துக்குப் பக்கத்தில் மடி இளகி, காம்புகள் நாலும் விறைத்து வருவதைப் பார்த்தேன். கன்றின் கடைவாயில் நுரை வழிந்தது. மஞ்சள் மஞ்சளாகச் சீம்பால். நான் கையை எடுத்தேன். கன்று நின்றது.

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். "நின்னுருச்சு" என்றேன். கடைச் சத்தத்துக்கு நடுவில், "சரி. பெரட்டுப் பேச்ச இனி எடுக்கல" என்றார்.

எட்டாம் நாள் டொக்டர் தராசோடு வந்தார். எருமையை நிறுத்தார், கன்றும் நீரும் கழிந்த பிறகு நின்ற எடையைப் பார்த்து, "தப்பிச்சிட்டா" என்றார். மடியில் குச்சியை வைத்தார். சத்தம் கேட்டுச் சிரித்தார். கன்றை ஏற்றப் பார்த்தால் அது பலகையில் நிற்கவில்லை, துள்ளியது.

"நீங்க தூக்கிட்டு ஏறுங்க அக்கா. அப்புறம் ஒங்களத் தனியாப் பாத்துக் கழிச்சிரலாம்."

கன்றை அணைத்துக்கொண்டு ஏறினேன். அறுபத்துமூன்று. மதினி கன்றை வாங்கிக்கொண்டாள். நான் தனியாக நின்றேன். டொக்டர் எண்ணைப் பார்த்தார். எழுதவில்லை.

"எறங்கி மறுபடி ஏறுங்க."

ஏறினேன். முப்பத்தெட்டு.

டொக்டர் கொப்பியில் கன்று இருபத்தைந்து என்று எழுதினார். பேனாவை மூடினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல் சுற்றி வந்து மிச்சமும் இருந்தது.

"அக்கா, காலையில என்ன சாப்புட்டீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மாட்டப் பாக்க வந்தீங்களா, என்னயப் பாக்க வந்தீங்களா?"

அவர் கையை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். எருமை அன்று காலை தின்றதை நான் பிடிப்பிடியாகச் சொல்லியிருப்பேன்: எத்தனை கட்டுப் புல், எத்தனை சிரட்டை தீனி, எத்தனை வாளி தண்ணீர். நான் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே நின்றேன். நேற்று மத்தியானம் என்ன என்றும் ஞாபகம் வரவில்லை. கடைசியாக நான் தராசில் ஏறியது பதினெட்டு வருடத்துக்கு முன்னால், மகளை வயிற்றில் சுமந்தபோது. அதற்குப் பிறகு என்னை நிறுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

டொக்டர் போன பிறகு மாலையில் கறந்தேன். கன்றுக்கு இரண்டு காம்பை விட்டுவிட்டு மற்ற இரண்டில் கறந்தேன். சீம்பால் தெளிந்து வெள்ளைப் பால் வந்திருந்தது. கன்று போட்டுத் தெளிந்த முதல் பாலைக் கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் லயத்து வழக்கம். மதினி குளித்துவிட்டுச் செம்போடு வாசலில் வந்து நின்றாள். கொடு என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. கொட்டில் வாசல் கல்லில் உட்கார்ந்து, டம்ளரில் ஊற்றினேன். மதினி என்னையும் டம்ளரையும் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடி புள்ள" என்றாள். "சாமிக்கி நாளைக்கிக் குடுத்துக்கலாம்."

பால் சூடாக இருந்தது. பாதி குடித்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே மீதியையும் குடித்தேன்.